மணியோசை

நவம்பர் மாதத்துக்கு
ஒரு பேருந்தின் முதுகை வாடகைக்கு எடுத்தேன்.
ஊலு நகரம், எட்டாம் எண் வண்டி,
மூவாயிரத்து இருநூறு யூரோ.
‘பனிக்கட்டிக்கு உங்கள் வயது தெரியாது’ என்று ஒரு வரி.
அதற்குக் கீழே, காலணியில் மாட்டிக்கொள்ளும் என் இரும்புப் பற்கள்.
அதற்கும் கீழே, சக்கரச் சேறு தெறித்து மறைக்கும் உயரத்தில்
என் கடையின் பெயர், பிடோ.
எங்கள் மொழியில் பிடிமானம் என்று பொருள்.

அந்த வரியை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

இரவுப் பணி முடிந்த ஒரு தாதி
சிவப்பு விளக்கில் அதைப் படித்திருப்பாள்.
பெயர் அவள் மனதில் நிற்கவில்லை,
பயம் மட்டும் நின்றது.
வீட்டுக்கு வந்து ஒரு கையுறையை மட்டும் கழற்றி
‘காலணி ஆணி’ என்று தட்டினாள்.
முதலில் வந்து நின்றவன் இல்போ ரேசனென்.
இரண்டு யூரோ குறைவு. அனுப்பும் செலவு இல்லை.

பெயரை மறக்காதவர்களையும் அவன் விடவில்லை.
பிடோ என்று தட்டினாலும்
எனக்கு ஒரு விரற்கடை மேலே அவன்:
‘பிடோ தேடுகிறீர்களா? இதையும் பாருங்கள்.’

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
சரிதான்.
மணி நான் வாங்கியது,
பின்னால் வந்த யானை வேறொருவன் வீட்டு யானை.

வழக்கறிஞர் ஹன்னெலே கோர்பி
நாற்பது நிமிடத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னாள்:
“உங்கள் பெயரை அவர் தன் பொருளில் ஒட்டவில்லை.
உங்கள் வாசலுக்கு எதிரே குடை விரித்து நிற்கிறார்.
தெரு பொதுவானது, துய்ரே.”

சந்தைக் கூடத்தில் அவனையே பார்த்தேன்.
“இந்த நவம்பர் எனக்கு அமோகம்,” என்றான்,
“ஏனென்றே புரியவில்லை.”
கிண்டல் இல்லை, உண்மையிலேயே புரியாத முகம்.
ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் வாங்கிக் கொடுத்தான்.
என் காசில் எனக்கே விருந்து என்று நினைத்தபடி
ரொட்டி முழுவதையும் தின்றேன்.

கணக்குப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினால்
ஆறு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு வாரம்
இருநூற்றுப் பதினெட்டு ஜோடி.
அப்போது எனக்கு விளம்பரமும் இல்லை, பேருந்தும் இல்லை.
என் சாமர்த்தியம் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.
அந்த வாரம் காலைதோறும் வானொலியில்
உடைந்த மணிக்கட்டுகளின் எண்ணிக்கையை
நகராட்சி தன் செலவில் வாசித்துக்கொண்டிருந்தது.
நான் யாருக்கும் ஒரு சென்ட் கொடுத்ததில்லை.
நன்றி என்று ஒரு கடிதம்கூட.

ஆனாலும் அது வேறு, இது வேறு.
நகராட்சி ஆணி விற்கவில்லை.
நகராட்சியின் பெயரைத் தட்டியவர்களை
நான் வழிமறிக்கவில்லை.
இப்படிப் படுக்கையில் நானே வாதாடி
நானே தீர்ப்பும் எழுதி
அதையும் நம்பாமல் எழுந்து உட்கார்ந்தேன்.

இரவு ஒன்றரை மணி. விளம்பரக் கணக்கைத் திறந்து
கட்டத்தில் ‘ரேசனென்’ என்று தட்டினேன்.
ஒரு சொடுக்குக்கு முப்பத்தொரு சென்ட் என்றது.
என் பெயருக்கு?
ஒன்று நாற்பது.
அவன் என்னை அந்த விலைக்கு வாங்குகிறான், ஒவ்வொரு முறையும்.
சிரிப்பு வந்துவிட்டது.
வெட்கக்கேடுதான், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சன்னலுக்குக் கீழே, மருந்துக்கடைச் சரிவில்
யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
பனியைக் கடித்துக் கடித்து விடும் பற்களின் ஓசை.
என் பற்களா அவனுடையவையா,
ஆறு ஆண்டு விற்றும் காதுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.
ஓசை தடுமாறவில்லை.
மூலை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.
கட்டத்திலிருந்து அவன் பெயரை அழிக்கவும் இல்லை.
பேருந்து நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்து கிடக்கிறது:
டிசம்பருக்கும் முதுகு வேண்டுமா?
வெள்ளிக்குள் சொல்லவும்.